வெவேயை ஆற அமரப் பார்ப்பது எப்படி: ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையோடு லொசானிலிருந்து மோந்த்ரோ போகிற ரயிலில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் வெவே வந்துவிடும். நம்மவர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. ஷியோன் கோட்டைக்கோ, பனிமலை பார்க்கவோ அவசரமாகப் போகிற வழியில் ஏரியை ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுமார் இருபதாயிரம் பேர் வாழ்கிற இந்தச் சின்ன ஊரில் சார்லி சாப்ளினின் வீடு, உணவுக்கென்றே ஒரு அருங்காட்சியகம், கேமராக்களுக்கென்று ஒன்று, டியூரர், ரெம்பிராண்ட் போன்ற பழைய ஓவியர்களின் அச்சுப்படங்கள் வைத்திருக்கிற ஓவியக்கூடம், கட்டடக் கலைஞர் லெ கார்புசியே தன் அப்பா அம்மாவுக்குக் கட்டிக்கொடுத்த குட்டி வீடு என்று எல்லாமே நடக்கிற தூரத்திலோ ஒரே பஸ்ஸிலோ இருக்கின்றன. ஆனால் எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று முன்னாலேயே யோசிக்காமல் போனால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். அதனால் இடங்களைவிட நாளையும் வரிசையையும் பற்றித்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். அலிமென்டாரியம் என்கிற உணவு அருங்காட்சியகம், கேமரா அருங்காட்சியகம், ஜெனிஷ் ஓவியக்கூடம் மூன்றுக்குமே பொதுவாகத் திங்கள் விடுமுறை. சாப்ளின் வீடு மட்டும் அநேகமாக எல்லா நாளும் திறந்திருக்கும், அதை நம்பித் திங்களன்று போனால் மீதி ஊரைக் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், ஆனால் கடைகள் மூடிவிடும். ஊரே உறங்குகிற மாதிரி இருக்கும், சிலருக்கு அது பிடிக்கும்.

என் பரிந்துரை வெள்ளியும் சனியும், நடுவில் ஒரு இரவு தங்கல். வெள்ளியன்று சாப்ளின் வீட்டில் வார இறுதிக் கூட்டம் இருக்காது. சனிக்கிழமை காலையில் பெரிய திடலில் சந்தை கூடும் (செவ்வாயன்றும் கூடும்). லெ கார்புசியேவின் வீடு வெயில் மாதங்களில் மட்டும், அதுவும் வாரக் கடைசியை ஒட்டித்தான் திறப்பார்கள், அதற்கும் சனிக்கிழமை ஒத்துவரும். குளிர்காலத்தில் போகிறவர்கள் அந்த வீட்டை மறந்துவிடலாம். கப்பல்களும் குறைந்துவிடும், ஏரியின்மேல் நாள்கணக்கில் மூட்டம் கவிந்திருப்பதும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரைதான் இந்த ஊருக்குச் சரியான காலம். இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பரில் போக முடிந்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் இமாஜ் வெவே என்ற புகைப்பட விழா நடக்கும். கட்டடச் சுவர்கள், பூங்காக்கள், தெருக்கள் என்று ஊர் முழுக்கப் பெரிய பெரிய படங்களை மாட்டிவிடுவார்கள்.

நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு இடத்தின் இணையதளத்தையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

2. போய்ச் சேருவது, பாஸ் எடுப்பது

ஜெனீவா விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஏரிக்கரையோடு வருகிற ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், வண்டி மாற வேண்டியதில்லை. போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். லொசான் தாண்டியதும் ஒரு பக்கம் திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகள், மறுபக்கம் தண்ணீர், அக்கரையில் பிரான்சின் மலைகள்.

பாஸ் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும், நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் அது செல்லும். ஆனால் இந்த ஒரு ஊருக்காக மட்டும் அதை வாங்குவது காசுக்குக் கேடு. ஊரில் ஒரு இரவாவது தங்கினால் விடுதியில் ரிவியேரா கார்டு என்று ஒன்று தருவார்கள். உள்ளூர்ப் பேருந்து இலவசம், பல அருங்காட்சியகங்களில் நல்ல தள்ளுபடி. விடுதிக்காரர்கள் கேட்டால்தான் நினைவு வந்து எடுத்துக் கொடுப்பதும் உண்டு, அதனால் அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சாப்ளின் வீட்டுக்கு மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 30 பிராங் ஆகும் என்பதால் இந்தத் தள்ளுபடி சின்ன விஷயம் இல்லை.

3. வெள்ளி காலை: மேட்டிலிருந்து தொடங்குங்கள்

வெவே நிலையத்தின் வாசலில் 212ஆம் எண் பஸ் நிற்கும். சாப்ளின் என்றே பெயர் வைத்த நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே வாசல். பத்து மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

இடம் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஒன்று மான்வார் த பான் என்ற பழைய பங்களா, அவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. இன்னொன்று ஸ்டுடியோ என்று அழைக்கப்படும் புதிய கட்டடம், இது சினிமா. எல்லோரும் முதலில் ஸ்டுடியோவுக்குள் ஓடுவார்கள். நீங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள், கூட்டமும் இருக்காது, கதையும் சரியாகப் புரியும். 1952 செப்டம்பரில் சாப்ளின் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான அனுமதியை அந்த நாட்டு அரசு ரத்து செய்துவிட்டது. கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற சந்தேகம். நாற்பது வருடம் உழைத்த நாடு கதவைச் சாத்தியபிறகு மனைவி ஊனாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு 1953 தொடக்கத்தில் இங்கே வந்து குடியேறினார். ஊனாவோடு பெற்ற பிள்ளைகள் மொத்தம் எட்டுப் பேர், கடைசி நால்வர் இங்கே வந்தபிறகு பிறந்தவர்கள். 1977 கிறிஸ்துமஸ் அன்று இதே வீட்டில்தான் காலமானார். இதைத் தெரிந்துகொண்டு அந்த வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்த்தால் வெறும் பணக்கார வீடாகத் தெரியாது. பின்பக்கம் இறங்கிப் பூங்காவில் நடக்க மறக்காதீர்கள். பெரிய பெரிய மரங்கள், தூரத்தில் மலைகள். பக்கத்தில் இருந்த துப்பாக்கி சுடும் பயிற்சிக்களத்தின் சத்தம் மட்டும் மனுஷனுக்குத் தீராத தலைவலியாக இருந்திருக்கிறது, அதைப் பற்றி அதிகாரிகளிடம் புகார் மேல் புகார் செய்திருக்கிறார்.

அப்புறம் ஸ்டுடியோ. மெழுகுச் சிலைகள் என்றதும் எனக்கே கொஞ்சம் சலிப்புத் தட்டியது, ஆனால் இங்கே வேடிக்கை சிலைகளில் இல்லை, அரங்க அமைப்புகளில் இருக்கிறது. 'தி கோல்ட் ரஷ்' படத்தில் பாறை விளிம்பில் சாய்ந்து ஆடுமே அந்த மரக்குடில், அதற்குள் நீங்களே ஏறி நிற்கலாம், தரை நிஜமாகவே சாயும். 'மாடர்ன் டைம்ஸ்' படத்தின் ராட்சதப் பல்சக்கரங்களும் இருக்கின்றன. அங்கே நிற்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1931இல் லண்டனில் காந்தியைச் சந்தித்தபோது சாப்ளின் அவரிடம் கேட்டதே, இயந்திரங்கள்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்பதுதான். படம் வந்தது 1936இல். அந்தப் பேச்சுதான் படத்துக்கு விதை என்று நான் சொல்லவரவில்லை, இரண்டுக்கும் நடுவில் நாடுகளையே உலுக்கிய பொருளாதாரச் சரிவு இருக்கிறது. இருந்தாலும் பல்சக்கரத்துக்கு நடுவில் போட்டோ எடுக்கும்போது அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வராமல் போகாது.

குழந்தைகளோடு போனால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். போவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்கு ஒரு படமாவது போட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் 'போகலாமா' என்பார்கள்.

4. வெள்ளி மதியம்: கல்லறை வழியாகக் கீழே

திரும்பிவரப் பஸ் இருக்கிறது, ஆனால் நடந்து இறங்குங்கள். இறக்கம்தான், களைப்பு தெரியாது. வழியில் கோர்சியே கிராமத்தின் சின்ன இடுகாட்டில் சாப்ளினும் ஊனாவும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். படாடோபம் எதுவும் கிடையாது. நடிகர் ஜேம்ஸ் மேசனின் கல்லறையும் இதே இடுகாட்டில்தான்.

இந்த இடத்துக்கு ஒரு விநோதக் கதை உண்டு. 1978 மார்ச் மாதம், அடக்கம் செய்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், இரண்டு மெக்கானிக்குகள் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் போலந்துக்காரர், இன்னொருவர் பல்கேரியாக்காரர். பணம் கேட்டு ஊனாவுக்கு போன் செய்தார்கள், அவர் ஒரு பைசா தர மறுத்துவிட்டார், சார்லி இருந்திருந்தால் இதைக் கேலிக்கூத்து என்றுதான் நினைத்திருப்பார் என்று சொல்லிவிட்டார். போலீஸ் அந்த வட்டாரத்துத் தொலைபேசிச் சாவடிகளை எல்லாம் கண்காணித்து ஆளைப் பிடித்தது. பெட்டி நொவில் என்ற ஊரின் வயலில் கிடைத்தது. மறுபடி புதைத்தபோது மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

கோர்சியேவிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஊர். ஊரின் வட பக்கத்தில் இருக்கிற இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவரில் உச்சி வரை சாப்ளின் படங்கள் வரைந்திருக்கிறார்கள், தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

5. வெள்ளி மாலை: கரையோரம்

மாலை நேரத்தைக் கரைக்கு விட்டுவிடுங்கள். சாப்ளின் தடியும் தொப்பியுமாக நிற்கிற வெண்கலச் சிலை 1982இல் வைத்தது, ஜான் டபுள்டே செய்தது. யாராவது ஒருவர் எப்போதும் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்பார், வரிசையில் நின்றால் உங்கள் முறையும் வரும்.

சிலைக்கு எதிரே தண்ணீருக்குள் 8 மீட்டர் உயர முள்கரண்டி ஒன்று செங்குத்தாகக் குத்தி நிற்கிறது. அலிமென்டாரியத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 1995இல் ழான்-பியேர் சோக் என்ற கலைஞர் செய்தது. தற்காலிகமாக வைத்ததுதான், எடுத்துவிட்டார்கள், அப்புறம் ஊர்க்காரர்களுக்கு அது இல்லாமல் கரை வெறிச்சென்று இருந்ததோ என்னவோ, மறுபடி கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். பார்த்தால் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டிதான், ஆனால் வெயில் சாயும்போது அதன் பற்களில் ஒரு பக்கம் மட்டும் ஒளி ஏறும், பின்னால் மலை நீலமாகிக்கொண்டே போகும், போட்டோ எடுக்காமல் யாராலும் இருக்க முடியாது. கரைப் பாறைகள்மேல் இரும்பு நாற்காலிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு உணவகத்தில் ஆளுக்கு 25 பிராங்குக்குக் குறைந்து எதுவும் தேறாது. கோப் அல்லது மிக்ரோ கடையில் ரொட்டி, சீஸ், பழம், தயிர் வாங்கிக் கரையில் சாப்பிடுவதை உள்ளூர்க்காரர்களே செய்கிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் வாங்காதீர்கள், தெருவோரக் கல்தொட்டிகளில் விழுகிற தண்ணீர் பெரும்பாலும் குடிக்கத்தக்கது, குடிக்கக் கூடாது என்றால் எழுதி வைத்திருப்பார்கள்.

6. சனி காலை: சந்தை, அதன் பக்கத்திலேயே கேமராக்கள்

பெரிய திடலில் சந்தை. ஐரோப்பாவின் பெரிய சந்தைத் திடல்களில் ஒன்று இது. ஏரிப் பக்கம் திறந்து கிடக்கும், மேல்பக்கம் 1808இல் கட்டிய பழைய தானியச் சந்தைக் கட்டடம், கல்தூண்களோடு. ஜூலை ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளூர் வைன்களைச் சுவைத்தபடியே சுற்றலாம், பாட்டும் கூத்தும் இருக்கும். இதே திடலில்தான் தலைமுறைக்கு ஒரு தடவை திராட்சை விவசாயிகளின் திருவிழா நடக்கிறது. கடைசியாக நடந்தவை 1977, 1999, 2019. கடைசி விழாவுக்கு இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தையே திடலில் எழுப்பினார்கள், அதாவது ஊரின் மொத்த மக்கள்தொகைக்கும் இருக்கை. அந்த விழாவின் ஆடைகள், கிரீடங்கள் எல்லாம் ஏரியை ஒட்டிய பழைய அரண்மனைக் கட்டடத்தில் ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

திடலின் ஓரத்திலேயே சுவிஸ் கேமரா அருங்காட்சியகம். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், சாப்ளின் ரசிகர்கள் மன்னிக்க. பல மாடிகள். இருட்டறையில் சின்னத் துளை வழியாக வெளியுலகம் தலைகீழாக விழுகிற பழைய உத்தியிலிருந்து, வெள்ளித் தகட்டுப் படங்கள், மேஜிக் விளக்குகள், கண்ணாடித் தகடு, பிலிம், டிஜிட்டல் என்று படிப்படியாக ஏறிப் போகலாம். அவசரப்படாமல் ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடுகிற ஷட்டர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். லென்சுக்கு முன்னால் கையால் எடுத்து மூடுகிற வெறும் மூடி, அப்புறம் சுருள்வில், அப்புறம் துணித்திரை என்று அது உள்ளே உள்ளே போய் ஒளிந்துகொள்வது தெரியும். புறாவின் மார்பில் கட்டிப் பறக்கவிடுகிற கேமராவை 1930களில் உருவாக்கிய சுவிஸ் கடிகாரக்காரர் கிறிஸ்டியன் அட்ரியான் மிஷெல் சோதனைக்காக எடுத்த சுமார் ஆயிரம் படங்களும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. டிரோன் வருவதற்கு எத்தனையோ பத்தாண்டுகளுக்கு முன்னால்!

ஒன்றரை மணி நேரம் போதும். போட்டோ பைத்தியம் உள்ளவர்கள் இரண்டரை.

7. அடுத்தது அலிமென்டாரியமா, ஜெனிஷா?

இரண்டையும் ஒரே நாளில் திணிக்கலாம், ஆனால் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

குழந்தைகள் கூட இருந்தால் அலிமென்டாரியம். 1985இல் நெஸ்லே நிறுவியது, உணவுக்கென்று உலகில் தொடங்கிய முதல் அருங்காட்சியகம் என்று சொல்லிக்கொள்கிறது. உணவு எங்கிருந்து வருகிறது, எப்படிப் பகிர்ந்து உண்கிறோம், உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்பதையெல்லாம் தொட்டும் அழுத்தியும் பார்க்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். ஏரியைப் பார்த்த தோட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று, இது நெஸ்லேயின் பழைய தலைமை அலுவலகக் கட்டடம், ஹென்றி நெஸ்லே 1867இல் குழந்தைகளுக்கான பால்மாவைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஊரும் இதுதான். அதே வகைப் பால்மாவை ஏழை நாடுகளில் விற்ற முறைக்காக 1977இல் அந்த நிறுவனத்துக்கு எதிராகப் பெரிய புறக்கணிப்பு இயக்கமே நடந்தது. ஒரு நிறுவனம் தன் துறையைப் பற்றித் தானே நடத்துகிற அருங்காட்சியகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள். நன்றாகச் செய்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. பால் சாக்லேட் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1875இல் டானியல் பீட்டர் கைவண்ணத்தில்.

கூட வருகிறவர்கள் பெரியவர்கள், மழையும் பெய்கிறது என்றால் ஜெனிஷ். 1897இல் திறந்த கட்டடம், ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஃபானி ஜெனிஷ் விட்டுப்போன சொத்தில் கட்டியது, நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்காவின் படைப்புகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளை இங்கேதான் இருக்கிறது. அவர் தன் கடைசிக் காலத்தை இந்த ஏரிக்கரையில் கழித்தவர். மாநிலத்தின் அச்சுப்படச் சேகரிப்பும் இங்கே. காகிதப் படங்கள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் என்பதால் எல்லாவற்றையும் நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை, மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ரெம்பிராண்டைப் பார்த்தே தீரவேண்டும் என்று போகிறவர்கள் அப்போது என்ன கண்காட்சி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

8. சனி மதியம்: ஏரிக்கு முன்னால் ஒரு குட்டி வீடு

திடலிலிருந்து மேற்கே இருபது நிமிட நடை, கோர்சோ என்ற பக்கத்து ஊர். சாலையிலிருந்து பார்த்தால் ஏதோ கிடங்கு மாதிரி உலோகத் தகடு அடித்த சுவர்தான் தெரியும், தாண்டிப் போய்விடாதீர்கள். லெ கார்புசியே 1923-24இல் கட்டியது. 64 சதுர மீட்டர்தான், நம் ஊரில் இரண்டு படுக்கையறை பிளாட் அளவு. விசேஷம் என்னவென்றால் முதலில் வரைபடத்தைப் போட்டு முடித்துவிட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு இந்தக் கரை முழுக்க மனை தேடியிருக்கிறார்.

உள்ளே போனதும் ஏரிப் பக்கச் சுவரில் சுமார் 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல். நடுவில் நின்று பாருங்கள், தண்ணீரும் மலையும் ஒரு கோடாக நீண்டு ஓடும். அப்புறம் தோட்டத்துக்கு வந்தால் அதற்கு நேர்மாறான வேலை செய்திருக்கிறார். ஏரியை மறைத்து ஒரு சுவரை எழுப்பி, அதில் ஒரே ஒரு சதுரத் துளை விட்டு, துளைக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டிருக்கிறார். சுற்றிலும் காட்சி கொட்டிக் கிடக்கிறபோது எதற்குச் சுவர் என்று தோன்றும். அங்கே உட்கார்ந்து அந்தச் சதுரம் வழியாகப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அப்பா இங்கே குடியேறி ஓரிரு வருடத்திலேயே இறந்துவிட்டார், அம்மா 1960 வரை வாழ்ந்தார். 2016இல் யுனெஸ்கோ ஏழு நாடுகளில் இருக்கிற லெ கார்புசியேவின் பதினேழு படைப்புகளை ஒரே பட்டியலாக உலக மரபுச் சின்னம் ஆக்கியது. அந்தப் பதினேழில் இந்தக் குட்டி வீடும் ஒன்று, சண்டிகரின் கேபிடல் வளாகமும் ஒன்று.

வீடு சின்னது என்பதால் ஒரே நேரத்தில் நிறையப் பேர் போனால் நெரிசலாகிவிடும். திறந்த உடனோ, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ போங்கள்.

9. ஒரு மணி நேரம் கையில் இருந்தால்

நிலையத்துக்குப் பின்னால் மேட்டில் புனித மார்ட்டின் தேவாலயம். பழைய கோபுரம், வாசலில் நின்றால் கூரைகளும் ஏரியும். உள்ளே இரண்டு ஆங்கிலேயர்களின் நினைவுக்கற்களைத் தேடுங்கள். 1649இல் மன்னர் முதலாம் சார்லசுக்கு மரண தண்டனை விதித்த பத்திரத்தில் கையெழுத்திட்ட எட்மண்ட் லட்லோ ஒருவர், நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பைப் படித்த ஆண்ட்ரூ ப்ரோட்டன் இன்னொருவர். மன்னராட்சி திரும்பி வந்ததும் உயிருக்குப் பயந்து ஓடிவந்து இங்கே தங்கியவர்கள். நாடு விரட்டியவர்கள் வந்து தங்குகிற ஊர் என்ற பெயரை வெவே சாப்ளினுக்கு முன்னூறு வருடம் முன்னாலேயே வாங்கிவிட்டது.

10. மூன்றாம் நாள் கிடைத்தால்

ஷியோன் கோட்டைக்கு 201ஆம் எண் பஸ் நேராகப் போகிறது, ஆனால் ஒரு வழியாவது கப்பலில் போங்கள். பெரிய திடலுக்கு முன்னாலேயே படகுத்துறை. 1904க்கும் 1927க்கும் நடுவில் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. நீராவியில் ஓடுகிறது எது என்று அட்டவணையில் பார்த்து அதில் ஏறினால், கப்பலின் நடுவில் நின்று எண்ணெய் பளபளக்கிற இயந்திரம் இயங்குவதைக் கீழே குனிந்து பார்க்கலாம்.

கோட்டை வேண்டாம் என்பவர்கள் சன் சஃபொரான் கிராமத்துக்கு ரயிலில் போய், லாவோ திராட்சைத் தோட்டங்கள் நடுவே வெவே பக்கமாகவே திரும்பி நடக்கலாம். மதிய வெயிலில் வேண்டாம், நிழலே கிடையாது, கீழே ஏரியிலிருந்தும் கல்சுவர்களிலிருந்தும் சூடு அடிக்கும். காலை ஒன்பதுக்குள் கிளம்பிவிடுங்கள், தண்ணீர்ப் பாட்டிலை வெவேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஞாயிறாக இருந்தால் சாப்பாட்டையும் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.